ஊர் நல்ல ஊர்தான். நமக்கு ஒதுக்கும் மூலை?

கோவைப் பகுதித் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "பட்டணத்து வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது சின்ன ஊராகப் பார்த்துப் போய்விட வேண்டியதுதான்" என்பதே அந்தப் பேச்சு. ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்கும் தொழிலாளி சொல்கிறார். இரண்டு குழந்தைகளோடு பத்துக்குப் பத்து லைன் வீட்டில் காலம் தள்ளும் தாய்மார்கள் சொல்கிறார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டால் மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகை, அன்னூர் என்று பெயர்கள் வருகின்றன. அதிலும் முதலில் வரும் பெயர் மேட்டுப்பாளையம்.

இந்த எண்ணம் தவறா? தவறல்ல. தன் குழந்தை நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும், நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும், பள்ளிக்கு நடந்து போய்வர வேண்டும் என்று எந்தத் தகப்பன்தான் விரும்ப மாட்டான்? அந்த விருப்பத்தை நாம் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பணக்காரன் குடிபெயரும்போது ஊரைத் தேர்ந்தெடுக்கிறான். உழைப்பாளி குடிபெயரும்போது ஊரில் ஏதோ ஒரு மூலை அவனுக்கு ஒதுக்கப்படுகிறது. கையிலிருக்கும் காசு எந்த மூலைவரை போகுமோ, அந்த மூலைதான் அவனுக்கு ஊர். ஆகவே ஊரின் பெயரைக் கேட்டு முடிவு செய்தால் போதாது. அந்த மூலையைப் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளவும் கூடாது. இதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

ஏன் வந்தது இந்தப் பேச்சு?

இருக்கும் இடத்தை விட்டு யாரும் ஆசைக்காகக் கிளம்புவதில்லை. நம் பாட்டன்மார் கோவைக்கு வந்ததும் ஆசையால் அல்ல. 1888-ல் ஸ்டேன்ஸ் துரை இங்கே முதல் நூற்பாலையை ஆரம்பித்தார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. சுற்றிலும் மில்கள் முளைத்தன. கிணறு வற்றிய காட்டுக்காரரும், பண்ணையத்துக் கூலி வயிற்றுக்குப் போதாத ஆளும் மில் வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் உழைப்பில் பட்டணம் பெருத்தது. பட்டணம் பெருக்கப் பெருக்க நிலத்துக்கு விலை ஏறியது. விலை ஏற உழைத்தவன் எவனோ, அவனே இன்று வாடகை கொடுக்க முடியாமல் வெளியேறுகிறான்!

மில்களின் கதி என்ன? கோவையிலுள்ள தேசியப் பஞ்சாலைக் கழக மில்கள் ஐந்தும் 2020 மார்ச்சில் கொரோனா முடக்கத்தின்போது நிறுத்தப்பட்டன. முடக்கம் நீங்கியது, கடைகள் திறந்தன, பஸ்கள் ஓடின. அந்த மில்களின் சங்கு மட்டும் ஊதவில்லை. ஆண்டுக்கணக்கில் கதவு மூடியே கிடந்தது. 1888-ல் தொடங்கிய அந்த முதல் மில்லும் அந்த ஐந்தில் ஒன்று. மில்லை நம்பி வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை, மில்லுக்குப் பக்கத்தில் குடியிருக்க இனி என்ன காரணம் இருக்கிறது என்று யோசிப்பதில் ஆச்சரியமில்லை.

காட்டுப் பக்கம் திரும்பினாலும் இதே கதைதான். அன்னூர், அவிநாசிப் பகுதிகளில் போர் மேல் போர் போட்டும் புழுதிதான் வந்தது. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக ஜனங்கள் தலைமுறைக் கணக்கில் குரல் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில்தான் அது துவக்கி வைக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ விவசாயக் கூலிக் குடும்பங்கள் சட்டி முட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன.

ஆக, பட்டணத்திலிருந்து மில் தொழிலாளி கிளம்புகிறார். வறண்ட காட்டிலிருந்து விவசாயத் தொழிலாளி கிளம்புகிறார். இருவரும் சின்ன ஊரில் வந்து சந்திக்கிறார்கள். ஒரே தெருவில் ஒரே விதமான வீட்டை இருவரும் தேடுகிறார்கள்.

மேட்டுப்பாளையத்தின் நல்லதும் கணக்கும்

மேட்டுப்பாளையத்துக்கு உள்ள நல்லதை மறைக்க வேண்டியதில்லை. கோவைக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், நீலகிரி அடிவாரத்தில் இருக்கிறது ஊர். பவானி ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி நகரத்தில் சுமார் 69 ஆயிரம் பேர். உருளைக்கிழங்கு மண்டிகளால் பெயர் பெற்ற ஊர். மலையிலிருந்து இறங்கும் கிழங்கும் வடநாட்டிலிருந்து லாரியில் வரும் கிழங்கும் இங்கே இறங்கி ஏறுகின்றன. வாழைத்தார் ஏலம் உண்டு. பாக்கு உண்டு. பக்கத்தில் காரமடையில் கறிவேப்பிலைத் தோட்டங்கள். சிறுமுகையில் பட்டுச் சேலைத் தறிகள். பல தொழில் உள்ள ஊர் என்பது உழைப்பாளிக்கு ஒரு பலம்தான்.

சுற்றுலா வருகிறவர்கள் இங்கே பார்ப்பது மலை ரயிலை. 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்கு 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற கௌரவமும் கிடைத்தது. நல்லது. ஆனால் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு உதவுவது அதற்கும் முன்னதாக, 1873-ல், கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் போட்ட சாதாரணப் பாதைதான். குடிபோக நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பாசஞ்சர் ரயிலின் நேரப் பட்டியலை. நம் ஷிப்டு ஆரம்பிக்குமுன் போய்ச் சேரும் வண்டி உண்டா? இரண்டாம் ஷிப்டு முடிந்து வீடு திரும்ப வண்டி உண்டா? ஞாயிற்றுக்கிழமை ஓடுமா? இல்லையென்றால் பஸ்தான் கதி.

பஸ் கதி என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டணத்தை விட மாதம் 2,000 ரூபாய் வாடகை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர ஒரு நாளைக்கு 70 ரூபாய் செலவு என்றால் 26 நாளைக்கு 1,820 ரூபாய். மிச்சம் 180 ரூபாய்! போக வர ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்றால் மாதம் 78 மணி நேரம். அதாவது ஏறக்குறைய பத்து ஷிப்டு. எட்டு மணி நேர வேலைக்காக உலகெங்கும் தொழிலாளிகள் ரத்தம் சிந்தினார்கள். அப்படிப் பெற்ற நேரத்தைப் பஸ்ஸில் நின்றபடியே தொலைத்துவிட்டு, தூங்கும் குழந்தையின் முகத்தை மட்டும் பார்க்கிற பிழைப்பு ஒரு பிழைப்பா?

வேலையும் அங்கேயே கிடைத்தால் மாறுவதில் அர்த்தம் உண்டு. வேலை கோவையில், வீடு மட்டும் அங்கே என்றால், வீட்டுக்காரருக்குக் கொடுத்ததைப் பஸ்ஸுக்குக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

2019 டிசம்பர் 2

இனி மூலையைப் பற்றி.

2019 டிசம்பர் 2-ஆம் தேதி. இரவெல்லாம் மழை. விடியுமுன், எல்லோரும் உறங்கிக்கொண்டிருந்த நேரம். மேட்டுப்பாளையம் நடூர் கண்ணப்பன் நகரில், தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகளை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த சுமார் 20 அடி உயரக் கருங்கல் மதில் இடிந்து, வீடுகளின் மேல் விழுந்தது. 17 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தைகளும் உண்டு.

மதிலுக்கு அந்தப் பக்கம் வசதியுள்ள வீடு. இந்தப் பக்கம் கூலி வேலை செய்கிறவர்களின் சின்னஞ்சிறு வீடுகள். அந்த மதிலைப் பற்றி முன்னரே முறையிட்டதாக அங்குள்ள ஜனங்கள் சொன்னார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றே அழைத்தார்கள். மழையின் மேல் பழி போடுவது சுலபம். அதே மழை மதிலுக்கு அப்பாலும் பெய்தது. அங்கே யாரும் சாகவில்லை. மேட்டில் இருந்தவர்கள் பிழைத்தார்கள், பள்ளத்தில் இருந்தவர்கள் செத்தார்கள் என்றால், மேட்டையும் பள்ளத்தையும் பங்கிட்டது யார் என்று கேட்க வேண்டாமா?

நீதி கேட்டுத் திரண்டவர்களுக்குக் கிடைத்தது தடியடியும் கைதும். உயிருக்கு 4 லட்சம் என்று முதலில் அறிவித்த சர்க்கார், கொதிப்பைக் கண்ட பிறகு அதைப் 10 லட்சம் ஆக்கியது. பணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் மதிலை ஒரு முறை போய்ப் பார்க்க எத்தனை ரூபாய் செலவாகியிருக்கும்? ஓர் அதிகாரி ஒரு நாள் வந்து, இது தாங்குமா, பின்னால் மழைநீர் வடிய வழி இருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதாதா?

இதை ஏன் இங்கே சொல்கிறோம்? மேட்டுப்பாளையத்துக்குப் போகாதீர்கள் என்று பயமுறுத்தவா? இல்லை. செத்துப்போன அந்த 17 பேரும் மோசமான ஊரில் இருக்கவில்லை. அவர்கள் இருந்த ஊரிலும் நல்ல காற்று இருந்தது, ஆறு இருந்தது, மலை தெரிந்தது. ஊர் நல்ல ஊர்தான். அவர்களுக்கு விடப்பட்ட மூலைதான் கொன்றது. எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் இப்படி ஒரு மூலை இருக்கும். குறைந்த வாடகை என்று தரகர் காட்டும் வீடு அந்த மூலையில்தான் இருக்கும்.

வீடு பார்க்கப் போகும்போது

ஆகவே தோழர்களே, வீடு பார்க்கப் போகும்போது வீட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். முடிந்தால் மழைக் காலத்தில் போய்ப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் மதில் இருந்தால் எவ்வளவு உயரம், அதன் பின்னால் மண் நிரப்பியிருக்கிறதா, தண்ணீர் வடியக் குழாய் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மதில் வயிறு தள்ளியிருந்தாலும், வெடிப்பு ஓடியிருந்தாலும் அந்த வீடு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். வீடு பள்ளத்து ஓரத்தில் இருந்தால், சென்ற மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள். வீட்டுக்காரர் சொல்லமாட்டார், அந்த அம்மா சொல்வார்.

தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். ஆறு பக்கத்தில் ஓடுவதும் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதும் ஒன்றல்ல. பில்லூர் அணையிலிருந்து கோவைப் பட்டணத்துக்கே குடிநீர் போகிறது. ஆனால் ஆற்றங்கரையில் உள்ள நம் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? ஊர்ச் சாக்கடை பவானியில் கலக்கிறது என்ற முறையீடு நெடுங்காலமாக உண்டு. கீழ்க்கரையில் குடியிருக்கிறவர் மேல்கரைக்காரரின் கழிவைக் குடிக்க வேண்டியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பில்லூர் அணையில் மின்சாரத்துக்காகத் திறக்கும் தண்ணீர் ஆற்றில் திடீரென்று வரும். கணுக்கால் அளவு ஓடிய இடத்தில் சிறிது நேரத்தில் ஆள் மூழ்கும். குளிக்கப் போய் மாண்டவர்கள் அந்த ஆற்றங்கரையில் ஏராளம். புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு இது தெரியாது. அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

மலை தெரியும் மனை, குறைந்த விலை என்று அடிவாரத்தில் பலகை நட்டிருப்பார்கள். மலை தெரிகிற இடத்துக்கு யானையும் வரும். கல்லாறு, நெல்லித்துறை, சமயபுரம் பக்கமெல்லாம் யானை நடக்கும் பூமி. 2021-ல் பாகுபலி என்று ஜனங்கள் பெயர் வைத்த ஒற்றை யானையைப் பிடித்துக் கழுத்துப்பட்டை மாட்ட வனத்துறை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். யானையின் மேல் நமக்குக் கோபமில்லை. அதன் வழியில் மனை பிரித்து விற்றவன் பணத்தோடு போய்விட்டான். இருட்டில் சைக்கிளில் வேலை முடிந்து வருகிறவனும் யானையும்தான் எதிரெதிரே நிற்கிறார்கள்.

அங்கன்வாடி எவ்வளவு தூரம்? ஆரம்பப் பள்ளிக்குக் குழந்தை ரோட்டைக் கடக்காமல் போக முடியுமா? நடு இரவில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் இருப்பாரா, அல்லது ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோவைக்கு அனுப்புவார்களா? இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்கள், பெரிய வைத்தியத்துக்குச் சிங்காநல்லூர்வரை போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் பார்க்க ஆண்பிள்ளை மட்டும் போனால் போதாது. வீட்டுப் பெண்ணையும் அழைத்துப் போங்கள். தண்ணீர் பிடிப்பவர் அவர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர் அவர். புது ஊரில் பாக்கு உரிக்கவோ, தோட்ட வேலைக்கோ போய், அதற்கு மேல் அடுப்பையும் பார்க்கப்போகிறவர் அவர். பெற்றவள், அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று குழந்தையைப் பார்த்துக்கொள்ள இருந்த ஆட்களையெல்லாம் பழைய தெருவில் விட்டுவிட்டு வருபவரும் அவரே. ஊர் மாறுவதில் முக்கால் பங்குச் சுமை அவர் தலையில் விழுகிறது. முடிவில் அவருக்குப் பாதிப் பங்காவது வேண்டாமா?

சிறுமுகை சொல்லும் பாடம்

வேலையைப் பற்றிச் சொல்லும்போது சிறுமுகையை மறக்க முடியாது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், பவானிக் கரையில், 1950களின் பிற்பகுதியில் சவுத் இந்தியா விஸ்கோஸ் கம்பெனி ஆரம்பிக்கப்பட்டது. மரக்கூழிலிருந்து ரேயான் இழை எடுக்கும் பெரிய தொழிற்சாலை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை. அந்த வேலையை நம்பிக் குடும்பங்கள் குடிவந்தன, மனை வாங்கின, கடை வைத்தன. அன்று சிறுமுகைக்குக் குடிபோவது புத்திசாலித்தனம் என்றுதான் யாரும் சொல்லியிருப்பார்கள்.

கம்பெனியின் கழிவு பவானியில் கலந்தது. 1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர் அணை சற்றுக் கீழே இருக்கிறது. 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரும் அணை அது. 1990களில் அங்கே மீன்கள் செத்து மிதந்தன. மீன் பிடிப்பவர்களும் கீழ்ப்பவானி விவசாயிகளும் எதிர்த்து நின்றார்கள். கோர்ட்டுக்கும் வழக்குப் போனது. கடைசியில், 2001-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள்.

இங்கே விவசாயி மேல் தொழிலாளிக்குக் கோபம் வரும்படியும், தொழிலாளி மேல் விவசாயிக்குக் கோபம் வரும்படியும் பேசியவர்கள் உண்டு. ஆனால் கழிவைச் சுத்தம் செய்யும் செலவை மிச்சம் பிடித்தது யார்? தொழிலாளியா? அந்த மிச்சம் யார் பையில் போனது? விஷமான தண்ணீரைத் தொழிலாளியின் குழந்தையும் குடித்தது; விவசாயக் கூலியின் குழந்தையும் குடித்தது. ஆறும் போனது, வேலையும் போனது. இருவரும் ஒன்றாக நின்று, "சுத்தம் செய்து நடத்து" என்று ஆரம்பத்திலேயே கேட்டிருக்க முடிந்திருந்தால் ஆற்றையும் காப்பாற்றியிருக்கலாம், வேலையையும் காப்பாற்றியிருக்கலாம்.

குடிபோகிறவர்களுக்கு இதில் இரண்டு பாடம் உண்டு. ஒரே முதலாளியை நம்பிய ஊர் ஒற்றைத் தூணில் நிற்கும் பந்தல். அந்த ஊரில் இந்த வேலை போனால் அடுத்த வேலை எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, வேலை தருகிற இடம் தண்ணீரைக் கெடுக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். தண்ணீரைக் கெடுக்கிற வேலை நெடுநாள் நிற்காது.

சொந்த வீடு என்னும் ஆசை

"வாடகை கொடுத்து மாளாது. சின்ன ஊர் என்றால் ஒரு சென்ட் இரண்டு சென்ட் வாங்கி ஓடு போட்டுக்கொள்ளலாம்" என்று பல தோழர்கள் நினைக்கிறார்கள். தலைக்கு மேல் கூரை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும். டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா? வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாயிற்றா? நீர்வழிப் புறம்போக்கு இல்லையே? அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016-ல் சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டபோது, அப்படிப்பட்ட மனைகளை வாங்கிவிட்டுத் திகைத்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள்தான். பிரித்து விற்றவன் எப்போதோ லாபத்தை எண்ணிவிட்டான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1872-லேயே எங்கெல்ஸ் குடியிருப்புப் பிரச்னை பற்றி எழுதியபோது இதைச் சுட்டிக் காட்டினார். முதலாளியின் ஆலைக்குப் பக்கத்தில் ஒரு குடிசையும் காய்கறித் தோட்டமும் தொழிலாளிக்குச் சொந்தமாகிவிட்டால், அவன் அந்த இடத்தோடு கட்டுண்டு போகிறான். கூலியைக் குறைத்தாலும் விட்டுப் போக முடியாது. கடன் வாங்கி வீடு கட்டிய தொழிலாளி கதவடைப்பின்போது படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

வேலை கொடுப்பவனே வீட்டையும் கொடுத்தால் இன்னும் மோசம். 1964-ல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். இலங்கை மலைத் தோட்டங்களில் தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று இரண்டு சர்க்கார்களும் கணக்குப் போட்டன. எந்த ஊருக்குப் போக விருப்பம் என்று அந்த ஏழைகளை யார் கேட்டார்கள்? குழந்தை குட்டிகளோடு எத்தனையோ குடும்பங்கள் இந்த மேட்டுப்பாளையத்தைத் தாண்டி நீலகிரிக்கு ஏறின. 1968-ல் அவர்களுக்காகச் சர்க்கார் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று. வேலையோடு லைன் வீடும் கிடைத்தது. வேலை முடிந்து ஓய்வு பெறும் வயதில்? லைன் வீட்டை விட்டால் போக இடமில்லை என்ற கவலை! வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விடும். இன்று மில் ஹாஸ்டல்களிலும் கம்பெனி ஷெட்டுகளிலும் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களும் இதை மறக்கக் கூடாது.

"இத்தனையும் பார்த்தால் எங்கேதான் போவது?"

இப்படி ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். மதில் இல்லாத, பள்ளம் இல்லாத, நல்ல தண்ணீர் வருகிற, பள்ளிக்கூடம் பக்கத்தில் உள்ள வீட்டுக்கு வாடகை அதிகம். அதைக் கொடுக்க முடிந்தால் நாம் ஏன் குடிபெயர வேண்டும்?

ஆம், தனி ஒரு குடும்பம் எவ்வளவு சாமர்த்தியமாகத் தேடினாலும் ஓரளவுக்கு மேல் தப்பிக்க முடியாது. நாம் ஒதுக்கித் தள்ளிய வீட்டில் இன்னொரு ஏழைக் குடும்பம் வந்து உட்காரும். மதிலின் அடியில் யாராவது ஒருவர் இருக்கத்தான் செய்வார். அந்த யாரோ ஒருவருக்கும் குழந்தைகள் உண்டு.

இங்கே இன்னொரு தவறான பேச்சையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. "ஒடிசாக்காரன், பீகார்க்காரன் வந்ததால்தான் நமக்கு வீடு கிடைக்கவில்லை" என்கிறார்கள். அவர் வறண்ட ஊரை விட்டு வந்தார். நாமும் வறண்ட ஊரை விட்டு வந்தோம். ஓர் அறையில் எட்டுப் பேரை அடைத்துத் தலைக்கு வாடகை வாங்குகிறவர் அந்தப் பீகார்த் தொழிலாளி அல்ல. வாடகையை ஏற்றியவரை விட்டுவிட்டு, நம்மோடு சேர்ந்து வாடகை கொடுப்பவரிடம் சண்டை போடுவதால் யாருக்கு லாபம்?

ஆகவே வீட்டைத் தேடுவது பாதி வேலை. போய்ச் சேர்ந்த ஊரை நம் குழந்தைகள் வாழத்தக்கதாக ஆக்குவது மறு பாதி. அது தனி ஆளால் ஆகாது, தெருவால் ஆகும். மழைக் காலத்துக்கு முன்னால் ஏழைகளின் குடியிருப்புகளை ஒட்டிய மதில்கள், கரைகள் எல்லாவற்றையும் முனிசிபாலிடியும் ரெவின்யூ அதிகாரிகளும் நேரில் வந்து பரிசோதிக்க வேண்டும். ஆபத்தானதை இடித்துத் தள்ள வேண்டும். செலவை மதிலுக்குச் சொந்தக்காரரிடம் வசூலிக்க வேண்டும். வீட்டுமனைப் பட்டா கேட்பவர்களுக்குப் பள்ளத்தையும் பாறையையும் காட்டாமல் குடியிருக்கத் தக்க நிலம் தரவேண்டும். சாக்கடையை ஆற்றில் விடுவது நிற்க வேண்டும். ரயில் நேரம் ஷிப்டு நேரத்தோடு பொருந்த வேண்டும். ஆஸ்பத்திரியில் இரவு டாக்டர் இருக்க வேண்டும். இவையெல்லாம் பெரிய ராஜ்யப் பிரச்னைகள் அல்ல. ஒரு தெரு ஜனங்கள் மனுவோடு சேர்ந்து போய், பதில் கிடைக்கும்வரை திரும்பத் திரும்பப் போனால் நடக்கக் கூடியவை.

குடிபோகிற தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். போன முதல் மாதத்தில் ரேஷன் கார்டை மாற்றுங்கள். குழந்தையைப் பள்ளியில் சேருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். வேலை செய்யும் இடத்தில் சங்கம் இருந்தால் சேருங்கள்; இல்லையென்றால் பக்கத்தில் வேலை செய்பவரோடு பேசத் தொடங்குங்கள். மண்டியில் மூட்டை தூக்குகிறவரும், மில்லில் நூல் இழுக்கிறவரும், தோட்டத்தில் களை எடுக்கிறவரும் ஒரே தெருவில் இருக்கிறார்கள். மழை வரும்போது மூவர் வீட்டுக்குள்ளும் ஒரே தண்ணீர்தான் நுழைகிறது. மூவரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடட்டும்.

வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மதில் யாருடையது, அதைக் கட்ட யார் அனுமதி கொடுத்தார்கள் என்பது அதில் முதல் கேள்வியாக இருக்கட்டும். அடுத்த மழைக்கு முன்னால் அதற்குப் பதில் வந்தாக வேண்டும்.